பாசி தின்றதா, படிந்ததா? ஒரு முலாம் பட்டறையின் நிக்கல் கழிவுநீர்

பின்னணி

சிறிய பித்தளை உதிரிபாகங்களுக்கு நிக்கல் முலாம் பூசும் பட்டறை அது. நாளொன்றுக்கு ஏறக்குறைய 12,000 லிட்டர் கழிவுநீர் வரும். இரண்டு நிக்கல் வரிசைகள் ஓடின. ஒன்று, நிக்கல் சல்பேட், நிக்கல் குளோரைடு, போரிக் அமிலம் கலந்த வழக்கமான வாட்ஸ் பாத். மற்றொன்று, மின்சாரம் இல்லாமல் வேதிவினையாலேயே நிக்கலைப் படியவைக்கும் எலக்ட்ரோலெஸ் வரிசை. அந்தக் கரைசலில் ஹைப்போபாஸ்பைட்டோடு சிட்ரேட்டும் அம்மோனியாவும் இருக்கும். இவை போக, அடிப்பூச்சுக்கு ஓர் அமிலக் காப்பர் தொட்டி. எல்லாவற்றின் அலசல் நீரும் ஒரே வாய்க்காலில் கலந்து ஒரே சுத்திகரிப்பு நிலையத்துக்குப் போனது. பின்னால் வந்த பல சிக்கல்களுக்கு இந்த ஒரு வரியே காரணம். ஆனால் தொடக்கத்தில் யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை, நான் உட்பட.

சுத்திகரிப்பு முறை எளிமையானது. சுண்ணாம்புக் கரைசல் விட்டு பி.எச். அளவை 9 வரை ஏற்றுவார்கள், உலோகங்கள் ஹைட்ராக்சைடாகப் படியும், மேல்நீர் மணல் வடிகட்டி வழியாகப் போகும், கடைசியில் கொஞ்சம் அமிலம் சேர்த்து 7.5க்கு இறக்கி வெளியே விடுவார்கள். நிக்கலுக்கு அவர்களுக்கு விதிக்கப்பட்ட வரம்பு லிட்டருக்கு 3 மில்லிகிராம். வெளியேறும் நீரில் 5 முதல் 8 வரை இருந்தது. இன்னொரு பக்கம் கசடு டிரம் டிரம்மாகச் சேர்ந்துகொண்டிருந்தது.

பாசி கன உலோகங்களை "தின்றுவிடும்", அதனால் கசடே வராது என்று உரிமையாளர் எங்கோ படித்திருந்தார். என்னை அழைத்தது அதைச் செய்து பார்க்கத்தான். நிக்கல் ஒரு தனிமம், அதை யாரும் தின்று செரிக்க முடியாது, ஓரிடத்திலிருந்து இன்னோர் இடத்துக்கு மாற்ற மட்டுமே முடியும் என்று முதல் நாளே சொன்னேன். ஆனாலும் முயன்று பார்க்கத் தகுந்த விஷயம்தான். பாசியின் செல் சுவர் உலோக அயனிகளைப் பிடிப்பது புதிய செய்தி இல்லை. கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் போகுமில் வோலெஸ்கியின் குழு சார்காசம் போன்ற பழுப்புக் கடற்பாசிகள் காட்மியத்தை எவ்வளவு பிடிக்கின்றன என்று 1990களிலேயே அளந்து காட்டியிருக்கிறது.

குழுவில் நால்வர் இருந்தோம்: உரிமையாளர், சுத்திகரிப்பு நிலைய ஆபரேட்டர், பாசி வளர்ப்பில் அனுபவமுள்ள ஒரு நுண்ணுயிரியல் ஆய்வாளர், வேதியியல் பக்கம் நான்.

முதல் கட்டம்: உயிருள்ள பாசி

சுத்திகரிப்பு நிலையத்துக்குப் பின்னால் வெயில் விழும் இடத்தில் ஆழம் குறைந்த 1,000 லிட்டர் தொட்டி ஒன்றை வைத்தோம். அதில் குளோரெல்லா என்ற ஒற்றைச் செல் பச்சைப் பாசி. நீரை மெதுவாகச் சுழற்ற ஒரு துடுப்புச் சக்கரம். மூன்று நாளுக்கு ஒருமுறை துடுப்பை நிறுத்திப் பாசியைப் படியவிட்டு, மேல்நீரை இறைத்துவிட்டு, அந்த இடத்தில் நிலையத்திலிருந்து வெளியேறும் நீரை நிரப்பினோம். நிரப்பிய உடனே தொட்டி நீரில் நிக்கல் 5 மி.கி. அளவில் இருக்கும். இரண்டாம் நாள் பிற்பகல் 3 மணிக்கு மாதிரி எடுத்தால் 0.9. அடுத்த சுற்றில் 1.1. அதற்கடுத்து 0.8.

உரிமையாளருக்கு ஒரே மகிழ்ச்சி. பெரிய தொட்டி கட்ட இடம் பார்க்கத் தொடங்கிவிட்டார்.

பிற்பகல் 3 மணி என்பது என் வசதிக்காக வைத்த நேரம். ஆய்வகத்துக்கு வண்டி போகும் நேரம் அது, வேறு காரணம் எதுவும் இல்லை. ஆபரேட்டர் காலை 6 மணி ஷிப்டுக்கு வருபவர். ஒரு நாள் என்னிடம், "சார், காலைல பார்த்தா தண்ணி வேற மாதிரி இருக்கு. அந்த நேரத்துல ஒரு தடவை எடுத்துப் பாருங்க" என்றார். தொட்டியின் ஓரச் சுவரில் பிற்பகலில் வெளிறிய பச்சைப் பூச்சு போல ஒன்று படிவதாகவும், காலையில் அது மெலிந்து போவதாகவும் சொன்னார். இரண்டு மாதிரிகளைப் பாட்டிலில் எடுத்து ஜன்னலோரம் வைத்துக் காட்டவும் செய்தார்.

காலை மாதிரியில் நிக்கல் 3.9. முந்தைய நாள் பிற்பகல் 0.9 காட்டிய அதே தண்ணீர், இடையில் ஒரு சொட்டுப் புதுநீர் சேரவில்லை. பி.எச். அளந்தோம். காலை 7.6, பிற்பகல் 10.1.

இங்கேதான் விஷயம் பிடிபட்டது. பகலில் பாசி ஒளிச்சேர்க்கைக்காக நீரில் கரைந்த கார்பன் டைஆக்சைடை இழுத்துக்கொள்கிறது, பி.எச். ஏறுகிறது. நிக்கல் ஹைட்ராக்சைடு மிகக் குறைவாகக் கரையும் பி.எச். 10ஐ ஒட்டித்தான் இருக்கிறது. ஆக, நிக்கல் தொட்டியிலேயே படிந்துவிடுகிறது. இரவில் பாசி சுவாசிக்க, கார்பன் டைஆக்சைடு திரும்ப நீரில் சேர, பி.எச். இறங்கி, படிந்ததில் பெரும்பகுதி மறுபடி கரைகிறது. பி.எச். ஏற்றும் காரமான காஸ்டிக் சோடாவின் வேலையைப் பாசி செய்துகொண்டிருந்தது, அதுவும் வெயில் இருக்கும் வரைதான்.

சந்தேகம் தீர இரண்டு சோதனைகள் செய்தோம். அதே நீரைப் பாசி இல்லாமல் ஒரு வாளியில் எடுத்து, காஸ்டிக் விட்டு பி.எச். 10க்கு ஏற்றி, 0.45 மைக்ரான் சவ்வில் வடிகட்டிப் பார்த்தோம். 1.4 வந்தது. இந்த வாளியை முதல் நாளே வைத்திருக்க வேண்டும். அடுத்து, ஒரு சுற்று முடிந்ததும் பாசியைத் திரட்டிக் காயவைத்து, நைட்ரிக் அமிலத்தில் செரித்து, அதிலிருந்த நிக்கலை அளந்தோம். தண்ணீரிலிருந்து காணாமல் போன நிக்கலில் ஐந்தில் ஒரு பங்குகூட அதில் இல்லை. மிச்சம் சுவரிலும் அடியிலும் இருந்தது.

காப்பர் வந்த நாள்

அடுத்த சுற்றை இன்னும் கவனமாகச் செய்யலாம் என்றிருந்தபோது, காப்பர் தொட்டியைச் சுத்தம் செய்த நீர் வழக்கத்தைவிட அதிகமாக வாய்க்காலில் இறங்கியது. நிலையம் அதை முழுதாகப் பிடிக்கவில்லை. எங்கள் தொட்டிக்கு வந்த நீரில் காப்பர் லிட்டருக்கு 2 மில்லிகிராமுக்கு மேல் இருந்தது. மறுநாள் காலை பச்சை மங்கியது, மாலைக்குள் மஞ்சள், அதற்கு அடுத்த நாள் பழுப்பு நுரையும் வாடையும். செத்துச் சிதைந்த செல்கள் பிடித்து வைத்திருந்த கொஞ்சநஞ்ச நிக்கலையும் நீரில் விட்டன.

குளங்களில் பாசி மண்டினால் அதைக் கொல்வதற்கு உலகம் முழுக்க போடுவது காப்பர் சல்பேட். காப்பர் முலாம் பூசும் இடத்தில் உயிருள்ள பாசியை நம்பி ஒரு நிலையம் நடத்த நினைத்தோம் என்பதை இப்போது எழுதும்போது கொஞ்சம் கூச்சமாகத்தான் இருக்கிறது.

இந்த இடத்தில் ஆய்வாளரும் நானும் உடன்படவில்லை. உலோகத்தைத் தாங்கும் வகைகளைப் படிப்படியாகப் பழக்கி எடுக்கலாம், உயிருள்ள செல்கள் உலோகத்தைப் பிடித்துவைக்கும் பெப்டைடுகளை உள்ளேயே தயாரித்துக்கொள்ளும், அவகாசம் கொடுங்கள் என்றார். அவர் சொன்னதில் தவறில்லை. செறிவு குறைவாக, நீரின் தன்மை நாளுக்கு நாள் மாறாமல், பரந்த குட்டைகளுக்கு இடமும் இருந்தால் அது சரியான வழி. இங்கே ஒரு ஷிப்டில் வரும் நீர் அடுத்த ஷிப்டில் வேறு நீர். பட்டறையின் அவசரத்தோடு பாசியின் உடல்நலத்தையும் பார்த்துக்கொள்ள ஆள் இல்லை. உயிருள்ள பாசியைக் கைவிட்டோம்.

இரண்டாம் கட்டம்: காய்ந்த கடற்பாசி

செத்த பாசியை இரண்டாம் முறை யாரும் கொல்ல முடியாது. ஒளி, ஊட்டம், வெப்பநிலை எதுவும் அதற்குத் தேவையில்லை. சார்காசம் போன்ற பழுப்புக் கடற்பாசியின் செல் சுவரில் ஆல்ஜினேட் என்ற கூழ்ப்பொருள் நிறைய இருக்கிறது. அதன் கார்பாக்சில் தொகுதிகள்தான் உலோகத்தைப் பிடிக்கும் கைகள். அவை கால்சியத்தை விட்டுவிட்டு நிக்கலை ஏற்கும். உண்மையில் இது அயனிப் பரிமாற்றம். பி.எச். 3க்குக் கீழே போனால் ஹைட்ரஜன் அயனிகள் அந்த இடங்களைப் பிடித்துக்கொள்ளும், உலோகம் கழன்று வரும். அதனால் நீர்த்த அமிலத்தால் கழுவி மறுபடி பயன்படுத்தலாம். 4.5 முதல் 6 வரையிலான பி.எச். வேலைக்கு ஏற்றது.

காய்ந்த கடற்பாசியைக் கழுவி, கால்சியம் குளோரைடு கரைசலில் ஊறவைத்து, மறுபடி காயவைத்து 2 மில்லிமீட்டர் அளவுத் துண்டுகளாக நறுக்கினோம். ஆய்வகத்தில் காய்ச்சி வடித்த நீரில் நிக்கல் சல்பேட்டைக் கரைத்து, பி.எச். 5ல் பார்த்தபோது ஒரு கிராம் பாசி 28 மில்லிகிராம் நிக்கலைப் பிடித்தது. 4 கிலோ நிரப்பிய ஒரு குழாய்த்தூணை நிலையத்தின் கடைசியில், மணல் வடிகட்டிக்குப் பிறகு வைத்து, நீரை பி.எச். 5.5க்கு இறக்கி அனுப்பினோம். நாளொன்றுக்கு 600 லிட்டர், நிக்கல் 4 மி.கி. அளவு. கணக்குப்படி நாற்பத்தைந்து நாளாவது தாங்க வேண்டும்.

ஏழாம் நாளே நிக்கல் வெளியே வந்துவிட்டது. பாசியைச் செரித்துப் பார்த்தால் கிராமுக்கு 3.6 மில்லிகிராம்தான் ஏறியிருந்தது.

காரணம் நீரிலேயே இருந்தது. சுண்ணாம்பு விட்டுப் படியவைத்த நீர் அது. கால்சியம் லிட்டருக்கு 200 மில்லிகிராம். அயனி எண்ணிக்கையாகப் பார்த்தால் ஒரு நிக்கலுக்கு எழுபதுக்கு மேற்பட்ட கால்சியம். கார்பாக்சில் தொகுதிக்கு நிக்கல்மீது விருப்பம் கொஞ்சம் கூடத்தான், ஆனால் கூட்டம் இப்படி இருந்தால் விருப்பம் எடுபடாது. உலோகங்களிலேயே நிக்கல் பாசியிடம் அவ்வளவு இறுகப் பிடிபடும் ரகமும் இல்லை. ஈயமும் காப்பரும் அதைவிட நன்றாகப் பிடிபடும். காய்ச்சி வடித்த நீரில் எடுத்த எண்ணை வைத்துத் தூண் வடிவமைப்பது, ஆள் இல்லாத ரோட்டில் வண்டி ஓட்டிப் பார்த்துவிட்டுப் பயண நேரம் சொல்வது மாதிரி.

சரி, சுண்ணாம்புக்குப் பதில் காஸ்டிக் விட்டால்? அதையும் செய்தோம். சில நாட்கள் நன்றாக ஓடியது. அப்புறம் ஒரு நாள் அமிலம் செலுத்தும் பம்ப் அடைத்துக்கொள்ள, பி.எச். 9ஐத் தாண்டிய சோடிய நீர் இரவு முழுக்கத் தூண் வழியாகப் போயிருக்கிறது. கால்சியம் ஆல்ஜினேட் நீரில் கரையாது, சோடியம் ஆல்ஜினேட் கரையும். காலையில் தூணின் அடி வால்வைத் திறந்தால் தண்ணீர் வரவில்லை. கொஞ்ச நேரம் கழித்து வழவழவென்று பழுப்புக் கூழ் ஒன்று நூல் போல இறங்கியது. ஆபரேட்டர் அதை இரண்டு விரலுக்கு நடுவே இழுத்துக் காட்டினார். நான்கு கிலோவில் கால்பங்குக்கு மேல் அப்படிப் போய்விட்டது. அதன் பிறகு தூணுக்கு முன்னால் பி.எச். 6.5ஐத் தாண்டினால் தானாக மூடும் வால்வைப் பொருத்தினோம்.

வரிசைகளைப் பிரித்தது

இதற்கிடையில் இயல்பான ஒரு கேள்வி எழுந்தது. பி.எச். 10ல் நிக்கல் இறங்குகிறது என்றால், பாசியெல்லாம் எதற்கு, நிலையத்தின் பி.எச். அளவையே 10க்கு ஏற்றிவிடலாமே? முயன்றோம். சாதாரண நாட்களில் 1.8 முதல் 2.6 வரை வந்தது. எலக்ட்ரோலெஸ் வரிசை ஓடும் நாட்களில் மட்டும் 6க்குக் குறையவே இல்லை. சிட்ரேட்டும் அம்மோனியாவும் நிக்கலைக் கட்டிப் பிடித்து நீரிலேயே வைத்திருந்தன. அப்படிக் கட்டுண்ட நிக்கல் ஹைட்ராக்சைடாகவும் படியாது, பாசியிலும் எளிதில் ஒட்டாது. பி.எச். 5ல் அம்மோனியா தன் பிடியை விட்டுவிடும், சிட்ரேட் விடாது.

இதைப் பார்த்த பிறகுதான் வாய்க்காலைப் பிரிக்க முடிவெடுத்தோம். எலக்ட்ரோலெஸ் கழிவு அளவில் சிறியது. அதைத் தனி டிரம்களில் சேர்த்து, அபாயகரக் கழிவு கையாள உரிமம் உள்ளவர்களிடம் ஒப்படைப்பது என்று ஆனது. காப்பர் அலசல் நீர் பழையபடி நிலையத்துக்கு. வாட்ஸ் பாத்தின் அலசல் நீருக்குத் தனிக் குழாய்.

அந்த நீர்தான் பாசிக்கு ஏற்ற நீர். பி.எச். இயல்பாகவே 5 பக்கம். அலச மென்னீர் பயன்படுத்தியதால் கால்சியம் சொற்பம். கட்டிப் பிடிக்கும் சேர்மங்கள் இல்லை. போரிக் அமிலம் இந்த விஷயத்தில் சாது.

பாசித் தூணை அங்கே கொண்டுபோகும் முன் இன்னும் இரண்டு காரியங்கள் செய்தோம். வேலை செய்பவர்கள் பாகங்கள் தொங்கும் ரேக்கை முலாம் கரைசலிலிருந்து தூக்கியதும் உடனே அலசாமல் பத்து விநாடி மேலேயே பிடித்துச் சொட்டவிடச் சொன்னோம். ஒற்றை அலசல் தொட்டியை எதிர்த்திசையில் நீர் ஓடும் இரண்டு தொட்டிகளாக மாற்றினோம். ஒரு லிட்டர் கரைசல் ஒட்டிக்கொண்டு வந்தால், அதை ஆயிரம் மடங்கு நீர்க்கச் செய்ய ஒரே தொட்டியில் சுமார் 1,000 லிட்டர் வேண்டும்; எதிரோட்டத்தில் இரண்டு தொட்டி இருந்தால் 32 லிட்டர் போதும். முலாம் தொழிலில் இது பழைய கணக்கு. ஐயாயிரம் லிட்டராக இருந்த அந்த அலசல் நீர் 1,500 லிட்டருக்கு வந்தது. நிக்கல் செறிவு 22லிருந்து 35 மி.கி.க்கு ஏறினாலும், நாளொன்றுக்கு வெளியேறும் மொத்த நிக்கல் 110 கிராமிலிருந்து 52 கிராமாகக் குறைந்தது. பாசி இன்னும் தொடவே இல்லை.

மூன்றாம் கட்டம்: தூண்கள் இடம் மாறின

தலா 12 கிலோ கடற்பாசி நிரப்பிய மூன்று தூண்கள். இரண்டு ஒன்றன்பின் ஒன்றாக ஓடும், ஒன்று கழுவலில் இருக்கும். முதல் தூண் நிரம்பியதும் இரண்டாவது முன்னால் வரும், கழுவி முடிந்தது பின்னால் நிற்கும். இங்கே பாசி கிராமுக்கு 17 மில்லிகிராம் பிடித்தது. ஆய்வக எண்ணைவிடக் குறைவு, ஆனால் நம்பலாம். ஒரு தூண் நான்கு நாள் வரும். கழுவ 0.1 மோலார் ஹைட்ரோகுளோரிக் அமிலம் 100 லிட்டர். வெளிவருவதில் நிக்கல் லிட்டருக்கு 2 கிராம் வரை இருந்தது. பிறகு கால்சியம் குளோரைடு கரைசலில் நனைத்து மறுபடி பணிக்கு.

அந்த 2 கிராம் கரைசலை அப்படியே வாட்ஸ் பாத்தில் ஊற்றிவிட்டால் வட்டம் முழுமையாகிவிடும் என்பது எல்லோருடைய ஆசையும். ஊற்றும் முன் ஹல் செல்லில், அதாவது முலாம் கரைசலைச் சோதிக்கும் சிறு தொட்டியில், ஒரு தகடு எடுத்துப் பார்த்தோம். நல்ல பாத்தில் கண்ணாடி போல வரும் தகடு, இதைக் கலந்ததும் குறைந்த மின்னோட்டப் பக்கம் மங்கலாகவும் நடுவில் ஊசிக்குத்து போன்ற புள்ளிகளோடும் வந்தது. பாசியிலிருந்து கசிந்த கரிமப் பொருள்தான் காரணமாக இருக்க வேண்டும். உரிமையாளர் தகட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு ஒன்றும் பேசாமல் மேஜையில் வைத்தார். கழுவு கரைசலைத் தனியாகக் காஸ்டிக் விட்டுப் படியவைத்து, நிக்கல் மட்டுமே உள்ள கசடாக எடுப்பது என்று முடிவானது. மற்ற உலோகங்களும் சுண்ணாம்பும் கலக்காத கசடு என்பதால் நிக்கலை மீட்பவர்கள் அதை எடுத்துக்கொள்கிறார்கள்.

விளைவு

ஆறு மாதப் பதிவுகளில் நிலையத்தின் கடைசி நீரில் நிக்கல் பெரும்பாலும் 0.8 முதல் 1.6 வரை. ஒருமுறை 3.4 வந்தது. தூணை மாற்ற வேண்டிய நாளில் ஆள் இல்லை, இரண்டு நாள் தள்ளிப்போனது. கலப்புக் கசடு மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. அந்தக் குறைவில் சரிபாதிக்கு மேல் சொட்டவிட்டதற்கும் எதிரோட்டத் தொட்டிக்கும் சேர வேண்டியது என்பது என் கணிப்பு.

பாசி தேய்கிறது. எட்டுச் சுற்று கழுவலுக்குப் பிறகு எடையில் ஐந்தில் ஒரு பங்கு குறைந்திருந்தது, பிடிக்கும் திறனும் அதற்கேற்ப இறங்கியது. புதுப் பாசி போட்ட முதல் நாள் வெளியேறும் நீர் தேநீர் நிறத்தில் இருக்கும். அன்றைய நீரை வெளியே விடாமல் நிலையத்தின் தொடக்கத்துக்கே திருப்பிவிட வேண்டியிருக்கிறது. விடுமுறைக்கு மறுநாள் காலை தூணைத் திறந்தால் அழுகல் வாடை. அதற்கு இன்னும் நல்ல வழி பிடிபடவில்லை. இப்போதைக்கு விடுமுறைக்கு முன் நீரை முழுதாக வடித்து வைக்கிறார்கள்.

உழைத்து ஓய்ந்த கடற்பாசியை என்ன செய்வது என்ற பேச்சு வந்தபோது, "கடற்பாசிதானே, செடிக்கு உரமாகப் போடலாமே" என்று ஒருவர் கேட்டார். கழுவிய பிறகும் அதில் நிக்கல் மிச்சம் இருக்கும். அது மண்ணுக்குப் போகக் கூடாது. எலக்ட்ரோலெஸ் டிரம்கள் போகும் வழியிலேயே அதுவும் போகிறது. முதல் கட்டத்தில் மிஞ்சிய குளோரெல்லாவை மீன் தீவனமாகக் கேட்டவர்களுக்கும் இதே பதில்தான் சொன்னோம்.

மறுபடி செய்தால் எதை மாற்றுவோம்

வாய்க்காலைப் பிரிப்பதும் அலசல் தொட்டியைத் திருத்துவதும் முதல் மாத வேலை. பாசி அதற்குப் பிறகு. நாங்கள் தலைகீழாகச் செய்ததால் நான்கு மாதம் போனது.

எந்தச் சோதனையிலும் பாசி இல்லாத வாளி ஒன்று பக்கத்தில் இருக்கும், பி.எச். ஒரே அளவில் வைத்து. மாதிரி பகலிலும் விடியலிலும் எடுக்கப்படும். தண்ணீரில் குறைந்த நிக்கலும் பாசியில் ஏறிய நிக்கலும் கிராம் கணக்கில் ஒத்துப்போகாத வரை "நீக்கம்" என்ற சொல்லை அறிக்கையில் எழுத மாட்டேன்.

கழுவுவதற்கு ஹைட்ரோகுளோரிக்குப் பதிலாகக் கந்தக அமிலத்தைப் பார்ப்போம். வாட்ஸ் பாத்தில் ஏற்கெனவே சல்பேட்தான் அதிகம். கழுவு கரைசலைக் கிளர்வுற்ற கரி வழியாக அனுப்பிக் கரிமப் பொருளை எடுத்துவிட்டால் ஹல் செல் தகடு தெளியுமா என்று பார்க்க வேண்டும். ஆனால் தூணில் கால்சியம் இருக்கும்போது கந்தக அமிலம் விட்டால் ஜிப்சம் படிந்து அடைக்கக்கூடும். அதைச் சிறு தூணில் முதலில் ஓட்டிப் பார்க்கிறோம். ஆபரேட்டர் இந்த முறை காலை 6 மணி மாதிரியைத் தானே அட்டவணையில் எழுதிச் சேர்த்துவிட்டார்.